அனுராதபுரத்தில் கட்டிய வெள்ளைச் சேலை

ஞாயிற்றுக்கிழமை லீவைப் பிடுங்கிக்கொண்டு போயா என்ற பௌத்த விரத நாளுக்கு லீவு கொடுத்திருந்த காலம் அது. பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கலியாணம் முடிந்து இரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரின் கூரைத் தகரம் மாற்ற ஏறியவர், மழை ஈரத்தில் வழுக்கித் தலைகுப்புற விழுந்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கண்ணைத் திறப்பார், கூரையைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். பேச்சு இல்லை. என்னையும் தெரியவில்லை, பெற்ற தாயையும் தெரியவில்லை. பொறுத்துத்தான் பார்க்கணும் என்றார் டாக்டர். பொறுமையா? எனக்கா? பிறந்ததிலிருந்தே எனக்கும் அதற்கும் ஆகாது.

கீழே சிங்களக் கிராமத்திலிருந்து எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீரை கொண்டுவரும் அக்கா ஒருத்தி உண்டு; என்னை நங்கி, அதாவது தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள். விஷயம் கேள்விப்பட்டு வந்தாள்.

"நங்கி, போயாவுக்கு நாங்க பஸ் பிடிச்சு அனுராதபுரம் போறது. நீயும் வா. மகா போதி மரத்துகிட்ட கேளு. குடுக்கும்."

கையோடு தன் வெள்ளைச் சேலை ஒன்றையும் கொடுத்தாள். அங்கே கும்பிடப் போகிறவர்கள் எல்லாரும் வெள்ளைதான் உடுத்துவார்களாம். அதைப் பையில் வைக்கும்போது மாமியார் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், எங்கள் வீட்டுக் காம்பரா அதிர்ந்தது.

"எம் மகன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தாண்டி இருக்கான்! அதுக்குள்ள வெள்ளச்சேலைக்கு உனக்கு என்னடி அவசரம்?"

அவர் பத்து வருஷமாக வெள்ளை மட்டுமே கட்டுகிறவர். மாமனார் போனதிலிருந்து அதுதான். "இது என்னான்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கோபத்தில் பதில் சொல்ல வாயெடுத்த நான் அடங்கிப்போனேன்.

"கட்டமாட்டேன் அத்த" என்றேன். அவர் கண்முன்னே மஞ்சள் சேலையை எடுத்துப் பையில் மேலே வைத்தேன். வெள்ளையை மட்டும் வெளியே எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கண்டி, தம்புள்ளை எல்லாம் தாண்டி விடியற்காலையில் அனுராதபுரம் போய்ச் சேர்ந்தோம். திசா வாவியில் குளித்துவிட்டுக் கரையேறினால், பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளை. சிரிக்கிற பெண்கள், மூன்று தலைமுறையாக வந்த குடும்பம், புதுசாகக் கலியாணமான ஜோடி. யார் முகத்திலும் இழவு இல்லை. நான் மஞ்சள் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

"உன்னோட சேலையே போதும் நங்கி" என்றாள் அக்கா.

அவள் வற்புறுத்தியிருந்தால் மறுத்திருப்பேன். என் குணம் அப்படி. பிச்சை கேட்டு ஒரு வாசலுக்கு வந்துவிட்டு, அந்த வீட்டு முறைக்கு மட்டும் முகம் சுளிப்பானேன் என்று தோன்றியது. வெள்ளையைக் கட்டினேன். நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்து, தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டேன்.

மகா போதி என்றால் வானம் மறைக்கிற மரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மெலிந்த கிளைகள், அவற்றுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இதைத் தாங்கிப் பிடித்து வாழ வைத்திருக்கிறார்களே, என் ஆளுக்கு ஒரு முட்டு கிடைக்காதா? தாமரைப் பூவை வைத்துவிட்டுச் சொன்னேன்: "உனக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ. எனக்கு அவர் வாயிலருந்து ஒரு வார்த்தை வேணும். திட்டினாலும் சரி."

பிறகு ருவன்வெலிசாய தாதுகோபத்தைச் சுற்றினோம். கல் தரை சுட்டு உள்ளங்கால் கொப்பளித்தது. தூபாராமய விகாரைக்கும் போனோம். எங்கே போனாலும் அதே வார்த்தையைத்தான் கேட்டேன்.

திரும்பும்போது பஸ் வழியில் இரண்டு தரம் நின்றுபோனது. மறுநாள் பதுளையில் இறங்கியபோது, ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கும் நேரம் முடியப் பத்து நிமிஷம் கூட இல்லை. பையை அக்காவிடம் போட்டுவிட்டு ஓடினேன். உடம்பில் எந்தச் சேலை இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. குங்குமமும் வழியிலேயே வேர்வையோடு போயிருந்தது.

வார்டுக்குள் நுழைந்தேன். கட்டில் பக்கத்தில் இருந்த மாமியார் என்னைப் பார்த்து, "ஐயோ பாவி!" என்று அலறினார். அந்தச் சத்தத்தில் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். வெறும் நெற்றியைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"அடியே... நான் இன்னும் சாகலடி."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "தெரியுது, தெரியுது! திட்டுங்க, இன்னும் நல்லா திட்டுங்க!" என்றேன். அடுத்த கட்டில்காரர்கள் எல்லாம் எழும்பிப் பார்த்தார்கள்.

மாமியார் மகன் பக்கம் குனிந்தார். மகனின் தலையணைக்கடியில் கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்று இருந்தது. தான் தொடக்கூடாது என்று, அதை வேறொருத்தி கையால்தான் அங்கே வைக்கச் சொல்லியிருந்தார். இப்போது அவரே அதை எடுத்துப் பிரித்தார். பத்து வருஷமாகக் குங்குமம் தொடாத விரலால் என் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டு, என் சேலைத் தலைப்பாலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.