உட்கார முடியாத வருஷங்கள்

வலி என்னுடையது; அதைச் சொல்லும் வாய் என் கணவருடையது. கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. எந்த டாக்டரிடம் போனாலும் பெண்கள் நாற்காலியில் பதவிசாக உட்கார வேண்டும், புருஷன் பதில் சொல்வார். எனக்கு அந்த நாற்காலியில் உட்காரவே முடியாது என்பதுதான் கொடுமை.

ஈரப் படியில் வழுக்கி விழுந்ததில் ஆரம்பித்தது. உட்கார்ந்தால் வலது புட்டத்துக்குள், ஆழத்தில், பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்த மாதிரி எரியும். அங்கிருந்து கால் விரல்வரை இழுக்கும். ஆபீசில் நின்றுகொண்டே டைப் அடித்தேன். பஸ்ஸில் காலி சீட் இருந்தும் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு கல்யாணத்தில் நாத்தனார், "என்ன மன்னி, குத்துக்கல்லாட்டம் நின்னுண்டிருக்கேள்?" என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்துவைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"இடுப்பு வலி, டாக்டர்" என்பார் இவர். அந்த இடத்தின் பெயரை வெளி ஆணிடம் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைவு. நான் தலையைக் குனிந்துகொள்வேன். முதுகுக்குப் படம், முதுகுக்குப் பெல்ட், முதுகுக்கு ஊசி. முதுகு பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. பாதம் மரத்துப்போகத் தொடங்கியபோது எனக்குப் பயம் வந்துவிட்டது.

கடைசியாகப் போன டாக்டர், இவர் வாயைத் திறந்ததுமே, "அவரு பறயட்டே, சாரே" என்று மலையாளத்தில் தடுத்து, நானே சொல்லட்டும் என்று விட்டு, வலிக்கிற இடத்தை என்னையே காட்டச் சொன்னார். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு ஒரு விரலால் காட்டினேன்.

பெரிதாகக் கிழிக்காமல், இடுப்பு மூட்டுக்குப் பின்னால் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவும் இன்னொன்றில் கருவியும் விட்டு ஆபரேஷன் செய்தார்கள். அப்போது ஊரில் அது புதுசு. பிறகு டாக்டர் அந்தப் படத்தை டிவியில் போட்டுக் காட்டினார். விழுந்த காயத்தில் வளர்ந்த நார்கள் வெள்ளை நரம்பைச் சுற்றி இறுக்கியிருந்தன. அவற்றை வெட்டியதும் நரம்பு மெல்லத் தளர்ந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன்.

உட்கார முடிந்தது. பாதத்தில்தான் உணர்ச்சி திரும்பவில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. நரம்பு நெடுநாள் நெரிபட்டுவிட்டது, இனி சரியாகுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"இத்ர நாளும் எந்தா பறயாஞ்ஞே?" என்றார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என்னைத்தான் கேட்டார். பழக்கதோஷம், நான் இவரைப் பார்த்தேன்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் பதிலை எனக்கே விட்டுவிட்டார்.