ஏறுங்கோ அண்ணை!

மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பொங்கல் முடிந்த கையோடு இது தொடங்கியது. மருதனார்மடத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஓட்டிய காலமெல்லாம் ஒரு கையில் ஸ்டியரிங், மற்றக் கையில் சிகரெட். அதன் பலன் ஓய்வூதியத்தோடு சேர்ந்தே வந்தது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்க வேண்டும். சுவாசப்பை பழுதாகிவிட்டது, இனிப் பழையபடி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அதைவிடப் பெரிய கவலை என் மனைவியின் கண். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துகொண்டு வந்தது. முகம் தெரியாமல் குரலை வைத்துத்தான் ஆட்களை அடையாளம் கண்டாள். ஒப்பரேஷனுக்கு இரண்டு முறை திகதி கிடைத்தும் இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டாள். செய்தபின் சில கிழமைக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். "இவருக்கு ஆர் தண்ணி அள்ளிக் குடுக்கிறது?" என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. ஒரு வாளி தண்ணீர் அள்ள எனக்குத் தெம்பில்லாததால் அவளுடைய பார்வை போய்க்கொண்டிருந்தது.

டொக்டர் என்னை உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். மூச்சு விடவே வழியில்லாதவனுக்கு உடற்பயிற்சியா என்று சிரிப்புத்தான் வந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியின் விறாந்தையில் செவ்வாயும் வெள்ளியும், எட்டு வாரம். ஆறு பேர் நாங்கள். கதிரையிலிருந்து எழும்பி எழும்பி இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய சோடாப் போத்தல்களைத் தூக்கி இறக்க வேண்டும். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை ஊத வேண்டும். என் பக்கத்துக் கதிரையில் குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவர் இருப்பார். "எங்கடை ஆறு பேற்றை மூச்சைச் சேர்த்தாலும் ஒரு பலூன் ஊதேலாது" என்று முதல் நாளே சொல்லி எல்லோரையும் இருமும்வரை சிரிக்க வைத்தவர்.

பயிற்சி தந்த பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். விறாந்தையின் இரண்டு அந்தத்திலும் இரண்டு கதிரையை வைத்து, ஆறு நிமிடம் போய்ப் போய் வரச் சொல்லி அளந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நூற்றுத் தொண்ணூறு மீற்றர் நடந்தேன். வீட்டிலே தினமும் இருபது நிமிடம் நடந்து, அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். நாலு வாரத்தில் திரும்பவும் அளப்பாளாம். கொப்பியை என் மனைவி வாங்கிக்கொண்டாள். நீங்கள் நடவுங்கோ, நான் எழுதிறன் என்றாள். நான் தேறியதும் ஒப்பரேஷனுக்குப் போவதாக வாக்கும் தந்தாள்.

மூன்றாம் நாளே சிக்கல் வந்தது. பஸ் ஓட்டிய காலத்தில், கை காட்டினால் எந்த இடமென்றாலும் நிறுத்துவேன். கடகத்தோடு சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. அந்தப் புண்ணியம் முழுவதும் இப்போது என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. ஒழுங்கையைத் தாண்டி றோட்டில் பத்து அடி வைத்திருக்க மாட்டேன், ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்.

"றைவர் அண்ணை நடந்து போறதோ! ஏறுங்கோ அண்ணை!"

எனக்குச் சுவாசப்பை வருத்தம், நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருமலையும் சுவாசப்பையையும் சேர்த்துச் சொன்னால் சனம் காசநோய் என்று முடிவு கட்டி ஒதுங்கிவிடும் என்று பயந்தேன். வெட்கமும் இருந்தது. அதனால் ஏறினேன். சந்தியில் இறக்கிவிடுவார்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினால் இன்னொருவர் வீட்டுப் படலைவரை கொண்டுவந்து விடுவார். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

"இண்டைக்கு எவ்வளவு நேரம்?" என்பாள் மனைவி. இருபது நிமிடம் என்பேன். மூக்கு கொப்பியில் முட்டுமளவுக்குக் குனிந்து, பெரிய எழுத்தில் எழுதுவாள். மூன்றாம் வாரத்தில் இருபத்தைந்து என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக அதையும் எழுதினாள்.

நாலாம் வார முடிவில் அளந்தபோது நூற்றுத் தொண்ணூற்றைந்து மீற்றர். அந்தப் பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூட வந்திருந்த மனைவிதான் முந்திக்கொண்டு கதைத்தாள்.

"பிள்ளை, நீங்கள் அளந்ததிலைதான் ஏதோ பிழை. இவர் ஒரு நாளும் நடக்காமல் விடேல்லை. இஞ்சை பாருங்கோ, எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்."

கொப்பியை விரித்துத் தூக்கிப் பிடித்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், நான் நடக்கவில்லை, எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டேன். அவள் ஏசவில்லை. கொப்பியை மூடிப் பையில் வைத்தாள்.

"அப்ப என்ரை கண் இப்பிடியே கிடக்கட்டும் எண்டு நினைச்சியளோ?"

வாழ்க்கையில் அவ்வளவு கூனிக் குறுகி நான் இருந்ததில்லை.

"நடக்காத நாளை நடக்கேல்லை எண்டே எழுதுங்கோ ஐயா, நான் ஏசமாட்டன்" என்றாள் அந்தப் பிள்ளை. மிச்ச நாலு வாரத்தையும் விடாமல் செய்யச் சொன்னாள். வெளியே வாங்குப் பலகையில் இருந்தபோது குருநகர்க்காரர் பக்கத்தில் வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

"உங்களிட்டைச் சைக்கிள் இருக்கோ அண்ணை? அதை உருட்டிக்கொண்டு போங்கோ. சைக்கிளோடை போறவனை ஆர் மோட்டச் சைக்கிளிலை ஏத்திறது?"

எனக்கு இது தோன்றவில்லையே! அடுத்த நாளே பழைய சைக்கிளை வெளியே எடுத்தேன். ஏன் ஓடாமல் உருட்டுகிறீர்கள் என்று கேட்பார்களே, அதற்காகப் பின் சில்லுக் காற்றையும் இறக்கிவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் பஞ்சர் என்றேன். கைபிடியில் சாய்ந்து நடந்தபோது வேறொரு புதுமையும் தெரிந்தது. மூச்சு முன்னையைவிடச் சுகமாக வந்தது. வகுப்பில் சொன்னபோது, முன்னுக்குச் சாய்ந்து கையை ஊன்றி நடந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு இலகு என்றாள் அந்தப் பிள்ளை. மனைவி திரும்பவும் கொப்பியைத் திறந்தாள். முதல் நாள் எட்டு நிமிடம். எட்டு என்றே எழுதினாள்.

ஆனால் எங்கள் சனம் லேசில் விடாது. ஒரு வாரம் கழித்து, வெங்காயம் ஏற்றிய பெட்டியோடு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் குதித்து இறங்கி, என்னைக் கேட்காமலே சைக்கிளைத் தூக்கிப் பெட்டியில் வைத்துவிட்டான்.

"எத்தினை நாளாய் உந்தப் பஞ்சரோடை திரியிறியள்? ஏறுங்கோ அண்ணை, கடையிலை விடுறன்."

ஏறினால் அன்றைய கணக்குப் போயிற்று. ஏறாவிட்டால் அவன் மனம் நோகும். மனைவி கொப்பியைத் தலைகீழாகப் பிடித்தது கண்ணுக்கு முன் வந்தது.

"தம்பி, பஞ்சர் இல்லை. காத்தை நான்தான் இறக்கினது. எனக்குச் சுவாசப்பை வருத்தம். தொத்துற வருத்தம் இல்லை. நான் நடந்தால்தான் மனிசி கண் ஒப்பரேஷனுக்குப் போவா."

இதைச் சொல்லி முடிக்க ஐந்து தரம் மூச்செடுத்தேன். அவன் அவசரப்படுத்தாமல் கேட்டான். பிறகு சைக்கிளை இறக்கி என் கையில் தந்துவிட்டு, "அப்ப நடவுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனான். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் ஒதுங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒருவரும் நிறுத்தவுமில்லை. ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார்கள். பஸ், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், எல்லாம் ஒரு சின்ன ஹோர்ன். அந்த மாசி, பங்குனிக் காலைகளை நினைத்தால் இப்போதும் அந்தச் சத்தம்தான் முதலில் காதில் கேட்கும். அவ்வளவு சந்தோஷமாக நான் பஸ் ஓட்டிய நாளில்கூட றோட்டில் போனதில்லை.

எட்டாம் வாரம் முந்நூற்றுப் பத்து மீற்றர் நடந்தேன். அன்று பின்னேரம் கிணற்றில் ஒரு வாளி அள்ளி அவள் காலடியில் வைத்தேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நிரம்பத்தான் அள்ளியிருக்கிறியள்" என்றாள். அடுத்த மாதமே ஒப்பரேஷன். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதன்பின் சில கிழமை சமைத்ததும் நான்தான். சோறு குழைந்ததைப் பற்றி அவள் இன்றுவரை கதைக்கிறாள்.

கண் கட்டை அவிழ்த்த அன்று அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாதி கையைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்டதைக் கவனிக்கவேயில்லை.

"இவ்வளவு மெலிஞ்சு போனியளோ? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

நானும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் சுகம் என்றே சொல்லியிருந்தேன். அன்று அந்த வார்டில் நான் அழுதேன்.

குருநகர்க்காரர் இப்போது இல்லை. போன மாரியோடு என் நடையும் குறைந்து, படலையோடு நின்றுவிட்டது. அவள்தான் தண்ணீர் அள்ளுகிறாள். "இண்டைக்கு எப்பிடி இருக்கு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். ஏலாத நாளில் "ஏலாது" என்று உள்ளதைச் சொல்கிறேன். அந்த எட்டு வாரத்தில் பழகியவற்றில் இன்றும் நான் தவறாமல் செய்கிற பயிற்சி அது ஒன்றுதான்.