கூடையில் ஏறாத திராட்சை

எங்கள் தோட்டத்தில் திராட்சை பறிக்க வருகிறவர்களிடம் தகர வாளியைத்தான் கொடுப்போம். லிஸ்பன் பக்கத்து இந்தக் கொலாரஸ் கடற்கரையில் எல்லோரும் கூடையில் பறிக்க, உங்களுக்கு மட்டும் என்ன தனி வழக்கம் என்று கேட்பார்கள். அது என் பெரியப்பா பெலார்மீனோ வைத்த வழக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் பழத்தை வியாபாரியிடம் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்த காலத்தில், தானே ஒயின் செய்து, புட்டியில் குடும்பப் பெயரை ஒட்டி விற்ற முதல் ஆள் அவர்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே தம்பி, என் அப்பா எர்மீனியோ. அவர்கள் அம்மா வழியில் இருவருக்கும் வந்தது கடலோரத்து மணல்மேடு. யாரும் சீந்தாத நிலம். மணல் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கிடக்கும், அதற்கடியில் இருக்கும் களிமண்ணில்தான் கொடி வேர் பிடிக்கும். களிமண் வரை பள்ளம் வெட்டிக் கொடியை நட்டு, அது ஏற ஏற மணலைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வர வேண்டும். பள்ளத்தில் இறங்குகிறவர் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொள்வார். மணல் சரிந்தால், மேலே இருப்பவர்கள் தோண்டி எடுக்கும்வரை மூச்சுவிட அதற்குள் காற்று இருக்கும்.

பக்கத்து நிலத்து அவெலீனோ வேலியில் சாய்ந்துகொண்டு, "வெட்டுங்கப்பா. கொடி வராட்டியும் மீன் வரும்" என்பாராம். வந்தால் தலையை உனக்கு அனுப்புகிறேன் என்று அப்பா உள்ளேயிருந்தே சொல்வாராம்.

எனக்கு ஏழு வயதான அந்த ஜனவரியில் கடைசிப் பள்ளம் களிமண்ணைத் தொட்டது. அன்றே நட்டுவிட வேண்டும் என்று பெரியப்பாவுக்கு அவசரம். ஊறப் போட்டிருந்த கொடிக்குச்சிகள் தோட்டத்து மறுகோடியில் இருந்தன. அவருடைய கூடையோ அடி கிழிந்து கிடந்தது. குனிந்து, பள்ளத்துக்குள் நின்ற அப்பாவிடம், உன் கூடையைக் கொஞ்சம் கொடு, அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டார். அப்பா தலையிலிருந்து கழற்றி மேலே வீசினார்.

"சீக்கிரம் வாண்ணே, தலை குளிருது."

பெரியப்பா திரும்பி வந்தபோது பள்ளம் இருந்த இடம் சமதரையாக இருந்தது. ஊரே கூடித் தோண்டியும் பயனில்லை.

நடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. கூடை கேட்டதை மறைத்திருக்கலாம். அடக்கம் முடிந்ததும் என் அம்மா கித்தேரியாவிடம் வந்து அவரே சொன்னார். நிலத்தை லிஸ்பன்காரர் ஒருவருக்கு வீடு கட்டக் கொடுத்துவிடப் போவதாகவும், இனி ஒருவரையும் அந்தக் குழிக்குள் அனுப்பமாட்டேன் என்றும் சொன்னார். அம்மாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அந்த மணலை விட்டால் எங்களுக்கு வேறு எதுவுமில்லை.

மறுநாள் தான் இறங்கப்போவதாக அம்மா சொன்னார். எங்கள் ஊரில் பெண்கள் பள்ளத்தில் இறங்கியதில்லை. பெரியப்பா முடியவே முடியாது என்றார்.

"மேல நிக்க ஆள் வேணும் அத்தான். நீங்கதான் நிக்கணும். கூடை என் தலையில இருக்கும். நீங்களே கேட்டாலும் கழட்ட மாட்டேன்."

அந்தப் பள்ளத்தைத் திரும்ப வெட்டி நட்டு முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அம்மா கூடையோடு கீழே, அவர் மேலே. தண்ணீர் குடிக்கக்கூட நகரமாட்டார். அவெலீனோ வேலியைத் தாண்டி வந்து, அவர் பக்கத்தில் ஒரு மண்வெட்டியோடு நின்றார். இறங்கி வெட்டிய அம்மாவைவிட, நின்றுகொண்டே இருந்த பெரியப்பாதான் இளைத்துப்போனார்.

கொடி பிடித்தது. முதல் அறுவடைக்கு ஆட்கள் கூடைகளோடு வந்தபோது, அவர் எல்லாவற்றையும் வாங்கி வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, மீன் சந்தையிலிருந்து தகர வாளிகள் கொண்டுவந்தார். எங்கள் பழம் முரட்டுப் பழம். ஒயின் பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடந்தால்தான் நாக்குக்கு இணங்கும். எட்டு வருடம் பொறுத்து முதல் புட்டி வெளியே போனது. இன்று என் மகள் அதே பெயரில் விற்கிறாள்.

பெரியப்பா எழுபத்தொன்பது வயது வரை இருந்தார். கடைசி அறுவடையில் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். வாளி கனக்கிறது, கையை அறுக்கிறது என்று பறிக்கிற பெண்கள் முணுமுணுத்தார்கள். அம்மா அவரிடம் குனிந்து, போதுமே அத்தான், கூடை என்ன பாவம் செய்தது என்று கேட்டார்.

"கூடை ஒண்ணும் செய்யல, கித்தேரியா. கேட்டது நான்தானே."

அம்மா ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார்.