கண்ணாடி துடைக்கும் ஜெபம்

சாப்பிடும் முன் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். சட்டை நுனியைப் பிடித்து, தலை குனிந்து, கண்ணை மூடி, வலது பக்கம் ஒரு துடைப்பு, இடது பக்கம் ஒரு துடைப்பு. அதற்குள் ‘ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், ஆமென்’ என்று மனதுக்குள் சொல்லி முடித்துவிடுவேன். நான்கு விநாடி போதும். கன்னட நாட்டில், ஹெப்பாளில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் பதினோரு வருஷம் இப்படித்தான் ஜெபம் பண்ணினேன். எவனும் கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது நாக்கு கூசுகிறது.

இது வெறும் கூச்சம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான். என் பெயரை வைத்து யாரும் என் மதத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அப்பா தமிழ்ப் பற்றில் வைத்த பெயர் அது. ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குப் பூசணிக்காய் உடைத்துவிட்டு ஆளாளுக்குக் குங்குமம் வைக்கும்போது நானும் நெற்றியை நீட்டுவேன். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டுக்குத் திரும்பும் முனையில் நின்று கைக்குட்டையால் அழித்துவிடுவேன். இங்கே ஒரு முகம், அங்கே ஒரு முகம்.

ஒருநாள் மதியம் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் என் எதிரே உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ ஒரு லேஅவுட்டில் வாடகை வீட்டுக்குள் ஜெபக்கூட்டம் நடத்தியவர்களைச் சிலர் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். ஒரு பெண் வேதாகமத்தை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். என் மனைவி வைத்திருக்கிற அதே மாதிரி ஜிப் வைத்த கறுப்பு உறை. “ஜனங்களை மதம் மாத்தறதுதான் இவங்களுக்கு வேலை” என்று இன்சார்ஜ் கன்னடத்தில் சொன்னார். நான் “ஹௌது சார், ஹௌது” என்று ஆமோதித்தேன். தலையாட்டியதோடு விட்டேனா? அவர் டம்ளரில் மோர் வேறு ஊற்றிக் கொடுத்தேன். தலையாட்டியதற்காவது பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். அந்த மோருக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

என் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் அவள் கைகூப்பி, தலைகுனிந்து, உதடு அசைய ஜெபிப்பாள். நர்ஸ்கள் அறையில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாலே, “பாதிரியம்மா வந்தாச்சு, சாப்பாடு ஆறிடும்” என்று கிண்டல் செய்வார்களாம். ஆபரேஷனுக்குப் பயந்து அழுத ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்மூடி நின்றதற்காக, இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று மேலதிகாரி இவளிடம் எழுதி வாங்கினார்.

“எழுதிக் குடுத்துட்டேன். வார்டுல பண்ணக்கூடாதுன்னா மனசுக்குள்ள பண்றேன். அதுக்காக என் சோத்துக்கு நான் நன்றி சொல்லாம இருக்க முடியுமாங்க?” என்று வீட்டில் வந்து கேட்டாள்.

“ஊரோட ஒத்து வாழ்” என்று நான் உபதேசம் செய்தேன். யார் யாருக்கு உபதேசம் செய்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும் ஹோட்டலில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எங்களுக்கு நடுவில் உட்காருவாள். தோசை வந்ததும் அவள் அம்மா கைகூப்புவாள், நான் கண்ணாடி துடைப்பேன். சின்னது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று பூனை நினைக்குமாம். நான் அந்தப் பூனையைவிட மோசம்.

போன மழைக்காலத்தில் மகளின் பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் குழந்தை இரண்டு கண்ணையும் பொத்தித் தேய்த்துக்கொள்கிறாளாம். தினமும். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லையாம். பார்வையில் ஏதாவது கோளாறு இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். மனைவிக்கு அன்று டியூட்டி என்பதால் நான் அரைநாள் லீவு போட்டு அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம், இந்த வயதிலேயே என்னைப்போலக் கண்ணாடி மாட்டவேண்டி வருமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே போனேன்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரியைக்கூட அவள் கடகடவென்று படித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. எரியுதா, உறுத்துதா என்றால் இல்லை என்றாள். “அப்புறம் ஏன் புட்டா, சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் தேய்ச்சுக்கறே?” என்று கன்னடத்தில் செல்லமாகக் கேட்டார்.

என் மகளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். வீட்டில்கூட “ஊட்டா ஆய்த்தாப்பா?” என்றுதான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். அன்று அவள் டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, அவருக்குப் புரியாதபடி, சன்னமாகத் தமிழில் கேட்டாள்.

“சொல்லலாமாப்பா?”

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். ‘அவள் ஜெபம் பண்ணுகிறாள் டாக்டர், என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது, “சும்மா பழக்கம் டாக்டர், போகப்போகச் சரியாயிடும்.” மறுதலிப்பது என்று எங்கள் சபையில் இதற்கு ஒரு வார்த்தை உண்டு. அதை என் பிள்ளையின் கண் முன்னாலேயே செய்தேன்.

சாயங்காலம் மனைவி வந்து விசாரித்தபோது மகள் மறைக்கவில்லை.

“வீட்டுல அம்மா ஜெபம். வெளியில அப்பா ஜெபம். எனக்குக் கண்ணாடி இல்லல்ல, அதனால கண்ணைத் தேய்ச்சேன்.”

முதலில் அவளும் பள்ளியில் கைகூப்பித்தான் ஜெபித்திருக்கிறாள். பக்கத்துப் பெண், நீ என்ன சர்ச் காரியா என்று சத்தமாகக் கேட்டு, வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறது. மறுநாளிலிருந்து அப்பா ஜெபத்துக்கு மாறிவிட்டாள்.

“இப்ப யாருக்கும் கொத்தே ஆகல, அல்வாப்பா?” என்றாள் என்னிடம். யாருக்கும் தெரியவே இல்லை, அப்படித்தானே என்று கேட்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. தாயைப் போல பிள்ளை என்பார்கள், இவள் ஏன் என்னைப் போல வந்து தொலைத்தாள் என்று எனக்கு அழுகை முட்டியது.

மனைவி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகியிருப்பேன். அவள் மகளின் தலையைக் கோதிவிட்டு, “இவ கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. எல்லாத்தையும் பாக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் கேன்டீனில் கைகூப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடி துடைக்கவும் மனம் வரவில்லை. ஜெபிக்காமலே சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். இறங்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் மூலை மேஜையைத் தேடாமல் நடு மேஜையில் உட்கார்ந்தேன். கூட்டமான கூட்டம். தோசை வந்தது. கண்ணாடியைக் கழற்றவில்லை. கையைக் கூப்பினேன். மகளுக்குக் கேட்கட்டும் என்று வாய்விட்டே, “ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக…” என்று ஆரம்பித்தேன்.

பாதியில் என் விரல்களை யாரோ பிரிப்பதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தேன். மகள்தான். சுற்றியிருந்த மேஜைகளை ஒருமுறை அவசரமாகப் பார்த்துவிட்டு, மேஜை மேலிருந்த டப்பாவிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி என் கைக்குள் திணித்தாள்.

“அப்பா, மறந்துட்டியா?” என்று காதோரமாகச் சொன்னாள். “நாம வெளியில இருக்கோம்.”