முதுகைப் பார்த்த சாட்சி

அவன் நாசமாய்ப் போகட்டும் என்று நான் சபிக்காத நாள் இல்லை. பாவமாம், புண்ணியமாம்! புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் அப்போது காட்டை வெட்டித்தான் ஆட்களைக் குடியேற்றினார்கள். மரம் வெட்டும் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரரை மேஸ்திரியாக்கியது அவனுக்குப் பொறுக்கவில்லை. இராமநாதபுரத்திலிருந்து எங்களோடு ஒரே கப்பலில் வந்தவன், என் கையால் சோறு தின்றவன். ஒரு மழைச் சாயங்காலம் அவர் ஓடைக்கரையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். கத்தியோடு ஒருவன் காட்டுக்குள் ஓடினான். நான் பார்த்தது முதுகைத்தான். தலையையும் மூடுகிற கறுப்பு மழைக்கோட்டு. கான்ட்ராக்டர் அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்தது. ஆனாலும் அவன் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன்.

வேறு சாட்சி கிடையாது. போர்ட் பிளேர் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது என் கொழுந்தன் சொன்னான்: "மதினி, மூஞ்சியப் பாத்தேன்னு ஒத்த வார்த்தை சொல்லிப்புடுங்க. பய தொலைஞ்சான்."

சொல்வதென்றுதான் கூண்டில் ஏறினேன். அவனுடைய வக்கீல், "செஹ்ரா தேகா க்யா?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தாயா என்று! ஆமாம் என்பது வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவன்மேல் எனக்கிருந்த வெறிக்கு, அன்றைக்கு யார் திரும்பியிருந்தாலும் அவன் முகமாகத்தானே தெரிந்திருக்கும்? ஆள் மாறிப்போய், இன்னொருத்தி புருஷனைத் தூக்குக்கு அனுப்பிவிட்டு நான் எப்படிக் கஞ்சி குடிப்பேன்?

"நஹி சாப். முதுகைத்தான் பாத்தேன்" என்றேன்.

சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுத்து ஜட்ஜ் விடுதலை பண்ணிவிட்டார். செத்தவருக்கு என்ன பலன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கொழுந்தன் என் முகத்தில்கூட விழிக்கவில்லை.

தீவுக்குத் திரும்ப எல்லாருக்கும் ஒரே போட்டுதான். அவனும் ஏறினான். கடலில் தள்ளிவிடலாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனாகவே என் எதிரில் வந்து கும்பிட்டான்.

"மதினி, ஒங்க வாயாலதான் உசிரு தப்பிச்சேன். நீங்க தெய்வம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கன்னத்தில் விட்டேன் ஓர் அறை. "க்யா ஹுவா, க்யா ஹுவா", என்னாச்சு என்னாச்சு என்று போட்டிலிருந்த பெங்காலிக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அவர்கள் பிடிப்பதற்குள் இன்னொன்றும் விட்டேன்.

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போட்டின் மறுபக்கம் போய் உட்கார்ந்தான். எதற்கு அடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.