மாரிக்கண்ணன் சொன்ன ஆமா

மாரிக்கண்ணனுக்கு வாதம் வந்து பேச்சு போனபோது ஒரே ஒரு சொல் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. அது "ஆமா". சாப்பிட்டாச்சா என்றால் ஆமா. இன்னும் சாப்பிடவில்லையா என்றாலும் ஆமா. பக்கத்து வீட்டு நெல்லையப்பன் ஒருநாள் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மாடிக்கு ஏறி வந்தான்.

"ஏல மாரி, ஒனக்கு வடாலாவுல இன்னொரு பொண்டாட்டி இருக்குன்னு சொல்லுதாவளே, நெசமா?"

"ஆமா."

மாரிக்கண்ணனின் மனைவி கோகிலவாணி அவனுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "இருந்தா வரச் சொல்லுங்கண்ணே. மாவாட்ட ஆளு வேணும்" என்றாள்.

தாராவியில் அந்தச் சந்து முழுக்க இட்லி அவிக்கிற வீடுகள். விடிவதற்குள் இட்லிக் கொப்பரைகள் கொதிக்கும். ஆண்கள் வந்து பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி ஊர் முழுக்கப் பிரிந்துபோவார்கள். கோகிலவாணி அவிப்பாள், மாரிக்கண்ணன் வடாலா பக்கம் கொண்டுபோய் விற்பான். இப்போது அவள் அவிப்பதை மற்றவர்கள் கொண்டுபோகிறார்கள். கீழே அடுப்படி, மேலே படுக்கிற இடம், நடுவில் ஓர் இரும்பு ஏணி. மாரிக்கண்ணன் வாட்டசாட்டமான ஆள். விழுந்ததும் மேலேதான். அவனைக் கீழே இறக்க நாலு பேர் வேண்டும். திங்கள்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி உண்டு. சந்து ஆண்களுக்குத் திங்கள்கிழமைகளில் தவறாமல் ஏதாவது வேலை வந்துவிட்டது. கோகிலவாணியின் சபைச் சகோதரர்கள் நாலு பேர் வந்து தூக்கினார்கள். மாதக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

அவள் கிறிஸ்துவுக்குள் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாவது குழந்தை காய்ச்சலில் போனபோது சந்துப் பெண்கள் எல்லாரும் வந்து அழுதார்கள், போனார்கள். சபைக்குப் போகிற ஒருத்தி மட்டும் போகாமல் உட்கார்ந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாளும் வந்து கழுவினாள். எதுவும் பேசவில்லை. இவளை இப்படி வரவைப்பது என்னவென்று பார்க்கத்தான் கோகிலவாணி முதல்முதலாகச் சபைக்குப் போனாள். பிறகு போவதை நிறுத்தவில்லை. ஞானஸ்நானம் எடுத்தாள். பொட்டையும் பூவையும் விட்டாள். புருஷன் இருக்கும்போதே நெற்றியை அழித்தவள் என்று சந்து அவளுக்குப் பெயர் வைத்தது.

மாரிக்கண்ணன் தடுக்கவில்லை. "நீ போ. என்னக் கூப்பிடாத. ஞாயித்துக்கெழமதான் யாவாரம்" என்றான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவன் வருஷந்தோறும் அக்கினிச்சட்டி எடுத்தான். மறுநாள் அவன் உள்ளங்கைக்கு அவள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். படையல் பொங்கலை அவள் தொடமாட்டாள், அவனும் நீட்டமாட்டான். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

அவன் விழுந்த பிறகுதான் கணக்கு மாறியது. அழித்த நெற்றியின் பலன் இது என்றார்கள். அவளிடம் இட்லி எடுத்த சிலர் எடுப்பதை நிறுத்தினார்கள். அவள் இரண்டு கொப்பரையை ஒன்றாக்கினாள்.

கொடை நெருங்கியபோது கல்யாணிலிருந்து மாரிக்கண்ணனின் அக்கா சண்முகவடிவு வந்தாள்.

"தம்பி, இந்த வருசமும் அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கிடுதியாப்பா?"

"ஆமா."

"கேட்டியாட்டி?" என்று கோகிலவாணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காப்புக்கான மஞ்சள் கயிற்றை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். படுத்திருக்கிறவனுக்குப் பெண்டாட்டிதான் கட்டவேண்டும், கட்டிவிட்டு நெற்றியில் குங்குமத்தோடு கோயில் வாசலில் வந்து நிற்கவேண்டும் என்பது அவள் கட்சி.

அடுத்த வாரம் பாஸ்டர் எபனேசர் ஏணியேறி வந்தார். மாரிக்கண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரதர், இயேசுவை ஏத்துக்கிறீங்களா?"

"ஆமா."

"ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதமா?"

"ஆமா."

பாஸ்டர் அழுதுவிட்டார். நடிப்பில்லை. இந்த ஒரு சொல்லுக்காக அவர் உபவாசம் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். கோகிலவாணியும் தட்டினாள். சகோதரிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அதுவும் அலமாரிக்குப் போயிற்று, மஞ்சள் கயிற்றுக்குப் பக்கத்தில்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் முன்பே சொல்லியிருந்தாள்: வாயைக் கேட்காதீர்கள், பொருளைக் காட்டிக் கேளுங்கள். டீயைக் காட்டினால் ஆமா, கஞ்சியைக் காட்டினாலும் ஆமா. ஆனால் வேண்டாததை, விளங்குகிற இடது கை தள்ளிவிடும். கை ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. அந்த வாரம் முழுக்கக் கோகிலவாணி அவனிடம் டீயைக் காட்டினாள், கஞ்சியைக் காட்டினாள், இரண்டு லுங்கிகளைக் காட்டினாள். வெள்ளைச் சட்டையை மட்டும் காட்டவில்லை.

மகள் மானசா பி.காம். முடித்து செம்பூரில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வருகிறாள். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இப்போது கோயிலுக்கும் போவதில்லை, சபைக்கும் போவதில்லை. கேட்டால் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வாள்.

"நீ ஏம்மா சட்டையக் காட்ட மாட்டேங்க?"

"காட்டணும்."

"தள்ளிட்டாருன்னா?"

கோகிலவாணி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இத்தன வருசம் அழுது ஜெபம் பண்ணிருக்க. கெடச்சத வச்சுக்கயேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"அப்பாவத் தூக்க யாரு வருவா? அத யோசிச்சியா? சட்ட வேண்டாம்னா சபை ஆளு வர மாட்டான், காப்பு நீ கட்டலன்னா சந்து ஆளு வர மாட்டான். ஏக்தம் காலி, ஒருத்தனும் இருக்க மாட்டான்."

"அதத்தாம்ட்டி ஒரு வாரமா யோசிக்கேன்" என்று தண்ணீரை வடித்தாள்.

மறுநாள் மத்தியானம் மாவு ஆட்டி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். சட்டையையும் கயிற்றையும் அவன் பக்கத்தில் வைத்தாள். கை கிட்டத்தில் இருப்பதையே தொட்டுவிடக்கூடாது என்பதற்காக இடம் மாற்றி மூன்று தடவை வைத்தாள். மூன்று தடவையும் கை சட்டையைத் தள்ளியது. கயிற்றின் மேல் போய் அப்படியே கிடந்தது.

"இதுதான் வேணுமா?"

"ஆமா" என்றான்.

அவள் சட்டையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு சண்முகவடிவுக்குப் போன் போட்டாள்.

"மதினி, வந்து காப்புக் கட்டிவிடுங்க."

சண்முகவடிவு மறுநாளே வந்தாள். கயிற்றை எடுத்து நீட்டினாள். "நீ கட்டு."

"நான் கட்ட மாட்டேன் மதினி. அவுக கேட்டாக, நீங்க கட்டுங்க. பக்கத்துல நிக்கேன்."

"புருசனுக்குக் காப்புக் கட்ட மாட்டேங்கிறவ என்னட்டி பொம்பள?"

"இட்லி அவிக்கிற பொம்பள. கட்டுங்க, கைய நீட்டிக்கிட்டே இருக்காக பாருங்க."

சண்முகவடிவு கட்டினாள். குங்குமத்தை நீட்டினாள். கோகிலவாணி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "நீ திருந்த மாட்ட" என்று சண்முகவடிவு இறங்கிப்போனாள். காப்பு ஏறியதைச் சந்தெல்லாம் சொன்னாள். குங்குமம் ஏறாததையும் சொன்னாள்.

சபையில் பாட்டுக்குப் பிறகு சாட்சி சொல்கிற நேரம். வேலை கிடைத்தது, சிறுநீரகக் கல் கரைந்தது, வீட்டுக்காரர் குடியை விட்டார் என்று எழுந்து நின்று சொல்வார்கள். கேட்காமல் போன ஜெபத்தைப் பற்றி அங்கே யாரும் எழுந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி எழுந்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானம் வேண்டாம். அவரு சொன்ன ஆமா சம்மதம் இல்ல, அவருக்கு அந்த ஒரு வார்த்ததான் வருது. கையால கேட்டேன், வேண்டாம்னுட்டாரு. அம்மன் காப்புதான் வேணும்னாரு, அவரு அக்கா வந்து கட்டுனாக. நான் தடுக்கல. தெரிஞ்சும் ஒரு வாரம் சொல்லாம இருந்தேன், கர்த்தர் என்னய மன்னிக்கணும். நான் இன்னும் ஜெபம் பண்ணுதேன். சட்டையத் தொவச்சுக் கொண்டாந்திருக்கேன்."

பழக்கதோஷத்தில் பின்வரிசையில் ஒருவர் "அல்லேலூயா" என்றார்.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் சட்டையை வாங்கிக்கொண்டார். முகம் வாடியிருந்தது.

"எங்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"நீங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்களே பாஸ்டர்."

அவர் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அது சரிதான்" என்றார்.

திங்கள்கிழமை கோகிலவாணி ஏணியடியில் நின்றாள். வழக்கமான நேரம் தாண்டியது. சகோதரர்கள் நாலு பேரில் ஜெயராம் மட்டும் வந்தான். மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது என்றான். அவள் அதை நம்பினாள், அல்லது நம்புவதென்று முடிவு செய்தாள். சற்றுப் பொறுத்து நெல்லையப்பன் துண்டை உதறிக்கொண்டு வந்தான்.

"மாரிக்காக வந்தேன். ஒனக்காவ இல்ல."

"அவுகளத்தான் தூக்கணும்ணே, என்னய இல்ல."

மானசா அலுவலகத்துக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். அம்மாவையும் சேர்த்து நாலு பேர் ஆயிற்று. தூக்கும்போது ஜெயராம் "ஸ்தோத்திரம்" என்றான், நெல்லையப்பன் "தாயே" என்றான். ஏணிப்படிகளில் மானசாவின் கால் இருமுறை சறுக்கியது. கீழே நாற்காலியில் உட்காரவைத்ததும் நெல்லையப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"ஏல மாரி, ஒன்னய எறக்குனது அம்மன்தான?"

"ஆமா."

"கர்த்தர்தானேண்ணே?" என்றான் ஜெயராம்.

"ஆமா."

"நாந்தான். என் தோள்பட்டையப் பாருங்க" என்றாள் மானசா.

"ஆமா" என்றான் மாரிக்கண்ணன்.

டாக்ஸி பிடிக்க ஜெயராமும் நெல்லையப்பனும் ரோட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன் ஏணியடியில் ஜெபம் பண்ணுவது கோகிலவாணியின் வழக்கம். இதுவரை அவனைக் கேட்டதில்லை. இன்று குனிந்து கேட்டாள்.

"ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கிடட்டுமா?"

"ஆமா."

அவள் வாயைப் பார்க்கவில்லை. மஞ்சள் கயிறு கட்டிய கையின் மேல் தன் கையை வைத்துக் காத்திருந்தாள். கை தள்ளவில்லை. இறங்கி வந்ததில் களைத்துப்போயும் இருக்கலாம். அவள் கண்ணை மூடி, டாக்ஸி வருவதற்குள் முடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில், கை தள்ளவில்லை என்று சொல்ல அவள் எழுந்திருக்கவில்லை.