கொலைக்காரம்மாவின் இணையதளம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்குக் கொலைக்காரம்மா என்று பெயர். கோபத்தில் வைத்த பெயரில்லை. வாரந்தவறாமல் துப்பறியும் தொடர்கதை எழுதுகிறவள். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள், இந்த வாரம் யாரைப் போட்டுத் தள்ளப் போகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். படியில் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போகிறவர்களை என்று அவளும் சிரிக்காமல் பதில் சொல்வாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்த வார இதழ் நின்றுபோனதும், தனக்கென்று ஓர் இணையதளத்தைத் தானே தொடங்கினாள். கதை எழுதுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தளத்தைக் கட்டி மேய்ப்பதில்தான் நாக்குத் தள்ளியது. தலைப்பை நடுவில் நிறுத்தினால் படம் ஓரத்துக்கு ஓடிவிடும். கணினியில் லட்சணமாக இருக்கும் பக்கம், போனில் திறந்தால் துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போலக் கிடக்கும். அப்டேட் செய்யட்டுமா என்று மென்பொருள் பவ்வியமாகக் கேட்கும். சரி என்று தட்டினால், வீட்டுக்குள் விட்ட விருந்தாளி மேசை நாற்காலியை எல்லாம் இடம் மாற்றிப் போட்ட கதையாகிவிடும்.

அவள் கணவர் குடிநீர் வாரியத்தில் குழாய் பொருத்துகிறவர். அவள் திரையோடு சண்டை போடும்போது பின்னால் வந்து நின்று பார்ப்பார். "எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சாத்தானே அடைக்க முடியும்" என்று சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பையை விசைப்பலகைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்.

ஒரு மழைக்கால அப்டேட்டில் எழுத்தே உடைந்துபோனது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கொலை என்ற சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. எழுத்துருவை மாற்றிப் பார்த்தாள். உதவிப் பக்கங்களைத் தோண்டிப் பார்த்தாள். தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினாள். உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது என்று பதில் வந்தது, அதோடு சரி. கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். அத்தியாயத்தைத் தன் கணினியில் அழகாகத் தட்டச்சு செய்து, பக்கத்தை அப்படியே படமாக்கித் தளத்தில் ஒட்டிவிட்டாள். படத்தை எந்த அப்டேட்டும் உடைக்க முடியாது. எல்லாம் நிமிர்ந்து நின்றது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் தலையாட்டினார்.

அப்படிச் சில அத்தியாயங்கள் போன பிறகு ஒரு நாள் காலையில் போன் வந்தது. கல்லூரியில் வரலாறு நடத்தும் விரிவுரையாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். முதல் கதையிலிருந்தே அவளுடைய வாசகராம்.

"மேடம், உங்க கதை கொஞ்ச வாரமா பேச மாட்டேங்குது" என்றார்.

அவள் அதை விமர்சனம் என்று நினைத்துக்கொண்டு, நடை எங்கே தொய்ந்திருக்கிறது என்று கேட்டாள். அவர் சிரித்தார். சிறுவயதிலேயே எனக்குப் பார்வை போய்விட்டது, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் எல்லாவற்றையும் படிக்கிறேன் என்றார். அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ஒரு நடை வந்து பாருங்களேன் என்று அழைத்தார். விடுமுறை நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் அறையில் சுவர் முழுக்கப் புத்தகங்கள் இல்லை, வெறும் சுவர். மேசைமேல் விசைப்பலகையும் ஒரு சிறு ஒலிபெருக்கியும் மட்டும் இருந்தன. திரையைக் காணோம். அது எதற்கு வீணாக என்று மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றார். மேகமூட்டத்தில் அறை இருண்டு கிடந்தது; விளக்கைப் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. போடச் சொல்லிக் கேட்க, வந்திருந்த இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

அவர் விரல்கள் ஓடின. ஒலிபெருக்கியிலிருந்து தகரத்தில் கடுகு கொட்டுவது போல ஒரு சத்தம். அது என்ன என்று கணவர் கேட்டார்.

"உங்க வீட்டம்மா எழுதினதுதான்" என்றார் விரிவுரையாளர். தான் கேட்கும் வேகம் அது என்று சொல்லிவிட்டு, வேகத்தைக் குறைத்தார். கடுகு மெல்ல மெல்லச் சொல்லாயிற்று. சொல் வாக்கியமாயிற்று. அவளுடைய வாக்கியம். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏற்ற இறக்கமில்லாத குரல்தான். ஆனாலும் அவள் எழுதிய மழை அந்த இருட்டு அறையில் பெய்தது.

அப்புறம் அவர் புதிய அத்தியாயத்துக்குப் போனார். குரல், "படம். கடைசி, நிஜமாவே கடைசி, இன்னொரு கடைசி" என்றது. அவள் அந்தக் கோப்புக்கு வைத்திருந்த பெயர் அது. கணவர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் குரல் எதுவும் சொல்லவில்லை. அவள் அத்தனை பாடுபட்டு நிமிர்த்திவைத்த அத்தியாயம் அவருக்கு வெறும் மௌனம்.

எழுத்து உடைந்ததால்தான் அப்படிச் செய்தேன் என்றாள். எழுத்து உடைந்ததா என்று அவர் ஆச்சரியப்பட்டார். மென்பொருள் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, அவருக்கு ஒரு கொம்புகூட உடையவில்லை; அந்த நாட்களிலும் கதை நன்றாகவே கேட்டது என்றார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார். "மருந்துக்கடைக்காரர்தான் கொலைகாரர்னு ஆரம்பத்துலயே காதுல போட்டீங்க பாருங்க. அது பெரிய விஷயம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ரகசியத்தை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. எங்கே சொன்னேன் என்று கேட்டாள். அவர் பழைய அத்தியாயம் ஒன்றுக்குத் தாவினார். கதாநாயகியின் தாத்தாவுக்கு மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளைப் பொறுமையாகப் பிரித்துக் கொடுக்கும் இடம். அது முடிந்ததும் அதே குரல் தொடர்ந்தது: "இவன்தான். இப்போதே காட்டிக்கொடுத்துவிடாதே. கையை மட்டும் காட்டு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எழுதும்போது கதைக்கு நடுவிலேயே தனக்குத் தானே குறிப்பு எழுதிக்கொள்வது அவள் வழக்கம். தளத்தில் அந்த வரியை அழித்தால் கீழே இருக்கும் படம் மேலே ஏறிக் கதையை மூடியது. எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல், வெள்ளைப் பக்கத்தில் அந்த வரிகளுக்கு மட்டும் வெள்ளை நிறம் அடித்து மறைத்துவிட்டிருந்தாள். கண்ணுக்குத்தான் அவை இல்லை. காதுக்கு வெள்ளை என்ன, கறுப்பு என்ன?

அது தன்னுடைய தவறு என்று ஒப்புக்கொண்டாள். எல்லாம் தெரிந்த பிறகு எப்படித்தான் தொடர்ந்து படித்தீர்கள் என்றும் கேட்டாள்.

 "தவறா? கதை எழுதுறவங்க என் பக்கத்துல உக்காந்து ரகசியம் சொல்ற மாதிரி இருந்தது மேடம். அந்த ஆள் ஒவ்வொரு தடவை அன்பாப் பேசும்போதும் நிறுத்தி இன்னொரு தடவை கேப்பேன். தாத்தா கையை நீட்டுறப்ப வேண்டாம்னு கத்தணும்போல இருக்கும்" என்றார் விரிவுரையாளர்.

 மற்றவர்கள் படித்தது ஒரு விடுகதை. இந்த மனிதர் கேட்டதோ வேறொரு கதை, அவள் எழுதியதைவிடப் பெரியது. அதுவும் அவள் எழுதியதுதான். அப்படி ஒன்று அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.  

அடுத்து வந்த நாட்களில் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு அத்தியாயங்களை மறுபடி எழுத்தாகவே ஏற்றினாள். தேடியதில் இந்தமுறை உடையாத எழுத்துரு ஒன்று கிடைத்தது. விரிவுரையாளர் போனில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தாள். அதுவரை அவை அவர் காதில் "பட்டன், பட்டன்" என்று மட்டுமே ஒலித்தனவாம். வெள்ளை வரிகளை அழிக்கக் கை வரவில்லை. எல்லாவற்றையும் கறுப்பாக்கினாள்.

கொலைகாரரை முன்பே சொல்லிவிட்டாளே என்று சில வாசகர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாடிக்காரர் படியில் முகம் கொடுக்காமல் இறங்கினார். ஆனால் இருந்தவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். மருந்து வாங்கினால் அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்க்கிறேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

பிறகு ஒரு முற்பகலில், விரிவுரையாளர் வைத்திருந்த அதே படித்துச் சொல்லும் மென்பொருளைத் தன் கணினியில் ஏற்றி, திரையை அணைத்தாள். மவுஸைத் தள்ளிவைத்தாள். சொந்தத் தளம், ஒவ்வொரு மூலையும் அவள் வைத்தது. என்றாலும் வழி தெரியவில்லை. எங்கோ போய் முட்டினாள், திரும்பினாள், தொடர்புக்கு என்ற பட்டனிலேயே சுற்றிச்சுற்றி வந்தாள். இந்த வழியாகத்தானே அவர் வாராவாரம் வந்திருக்கிறார் என்று நினைத்தபோது மலைப்பாக இருந்தது. கணவர் வந்து, திரையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார்.

"உஷ்" என்றாள். "கதை வருது."

அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் முதல் வரியைச் சொல்லத் தொடங்கியது.